நாகநாதன் வைத்துக்கொண்ட கேமரா

1

ஆயுளுக்கும் உழைக்கிற மாதிரி எந்த மீடியம் ஃபார்மட் கேமரா வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதிலாக ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் ஜப்பான்காரன் காலத்துப் பினாங்கு வந்துவிட்டது. டத்தோ கிராமாட்டில் ஒரு வீடு, மேசைமேல் இரண்டு கேமராக்கள், பக்கத்தில் குமாஸ்தா நாகநாதன். கட்டுரை அதோடு நின்றது.

2

(முதல் தொடக்கம்: "வானம் அன்று..." வேண்டாம். வானத்துக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

இரண்டில் ஒன்றை அரிசிக்கு மாற்றியாக வேண்டும். மற்றது கடைசிவரை கூட இருக்கும். மடக்குக் கேமரா சட்டைக்குள் மறையும். பிலிமில் உருவம் பெரிதாக விழுவதால் மின்சாரம் இல்லாமல், பிலிமைத் தாளோடு ஒட்டிவைத்து வெயிலிலேயே படம் போடலாம். ஆனால் அதன் மடிப்புத் தோல் துருத்தியை ஈரம் அரிக்கும்.* இன்னொன்று இரட்டைக் கண் பெட்டி. கனம் அதிகம், உருவம் சிறிது. தலை குனிந்து மேல் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். புத்தி மடக்குக் கேமராவைத்தான் சொன்னது. கையில் இருந்தது ஒரே பிலிம் சுருள், இரண்டுக்கும் பொருந்தும்.

* பூஞ்சை இரண்டின் கண்ணையும் தின்னும். பினாங்கில் அது பாரபட்சம் பார்ப்பதில்லை.

3

அடுத்த வீட்டு ரீத்தா ஓடி வந்தாள்.

"அண்ணே, வீட்டுக்காரர சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூப்பிட்டுட்டாங்க. லாரி ஜாலான் முனையில, ரோட்டோரமா நிக்குது. ஒரு படம் போதும்லா."

[இங்கே நாகநாதனை ஒரு பத்தி தயங்க வைத்தேன். அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.]

சுருளை எடுத்தார். கை மடக்குக் கேமராவுக்குப் போனது. பிறகு ரீத்தாவின் முகத்தைப் பார்த்தார். பிலிம் கழுவ மருந்து ஊரிலேயே இல்லை. இவள் படத்தை எப்போது பார்ப்பாள்?

சுருளை இரட்டைக் கண் பெட்டிக்குள் போட்டார்.

4

ரீத்தாவின் கணவன் ஹென்றி செம்பருத்தி வேலியோரம் நின்றான்.

"என்னண்ணே, பெட்டிக்குக் கும்பிடு போடுறீங்க?"

"மனுசரைப் பார்க்கேக்க தலை குனிஞ்சா ஒரு குறையுமில்லை, தம்பி." நாகநாதன் விலகி இடம்விட்டார். "தங்கச்சி, இஞ்ச வந்து பாருங்கோ."

ரீத்தா குனிந்தாள். பிஸ்கட் அகலக் கண்ணாடிக்குள், பச்சை வேலியும் சிவந்த பூவுமாக, அவள் கணவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயோ, மூக்கு இவ்வளவு பெரிசா!"

"கட்டிக்கிட்டப்பவே பார்த்திருக்கணும்லா!" என்றான் ஹென்றி.

லாரி ஹாரன் அடித்தது. ஹென்றி சாலைப் பக்கம் ஓரடி நகர்ந்தான். கண்ணாடியில் அவன் வீட்டுப் பக்கம் நகர்ந்தான்.

"அண்ணே, வர்றாரு," என்றாள் ரீத்தா, கண்ணை எடுக்காமல்.

நாகநாதன் திருத்தவில்லை.

5

முடிவு அ: ஹென்றி திரும்பி வருகிறான். எழுதினேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: ஹென்றி வரவில்லை, ரீத்தா அந்தப் படத்தை...

முடியாது. இரண்டையும் ஆண்டவனிடம் விட்டுவிட்டேன். நண்பருக்கு மட்டும் பதில் உண்டு: பக்கத்தில் நிற்பவரும் எட்டிப்பார்க்க இடம் தரும் கேமராவை வாங்குங்கள்.

ஹாரன் மறுபடியும் அடிக்கிறது. நாகநாதனின் விரல் விசைமேல் இருக்கிறது. அழுத்தினால், படம் எடுத்தாயிற்று என்று ஹென்றி கிளம்பிவிடுவான். அழுத்தாவிட்டால் லாரி அவனைப் படமில்லாமலே கொண்டுபோகும். ரீத்தா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த விரலை உங்களிடம் தருகிறேன். கொஞ்சம் பொறுத்து அழுத்துங்கள்.