மைனா 66-இன் இடப்பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் பிரதியில் பறக்கும் துடைப்பம் கிடையாது, சைக்கிள்தான் இருந்தது. காதலியின் பழைய சைக்கிள் காதலன்மேல் மோதும், கல்யாணம் நிற்கும். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. சைக்கிள் இடித்ததற்காக எந்தத் தமிழ்க் குடும்பமும் கல்யாணத்தை நிறுத்தாது. தைலம் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். துடைப்பத்தால் அடி விழுந்தால்தான் நிறுத்துவார்கள். ஆகவே துடைப்பம். அது பறப்பது என் வசதிக்காக.

2

"1979. சிங்கப்பூரில் கிளமெண்டியின் அந்திவானம் குங்குமம் பூசிக்கொண்டு—" (வேண்டாம். அந்த வானத்தில் ஆள் பறப்பதே போதும்.)

"விதி என்பது—" (இதுவும் வேண்டாம்.)

அல்போன்சம்மாளுக்கு இருபத்து நான்கு வயது. ஜூரோங்கில் ரேடியோ தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் மூங்கிலாட்டம் ஆடுவாள். (இருக்கட்டும்.)

மூங்கிலாட்டம் தெரியாதவர்களுக்கு: எதிரெதிரே இரண்டு அடுக்குமாடி பிளாக்குகள், பிளாக்குக்கு ஓர் அணி. துடைப்பத்தில் பறந்துபோய், எதிர் பிளாக்கின் சன்னல்களில் நீட்டியிருக்கும் மூங்கில் கழியில் ஒரு துண்டைக் காயப்போட்டால் ஒரு புள்ளி. அங்கே காயும் சட்டைகளைத் தொட்டால் வீட்டுக்காரர் திட்டலாம், விதி அனுமதிக்கிறது.

அவளுடைய துடைப்பம் மைனா 66. மற்ற எல்லாரும் மைனா 78-க்கு மாறிவிட்டார்கள். 66-இல் ஒரு கோளாறு: பிரேக் பிடித்தால் வால் இடப்பக்கம் வீசும். அதைப் பலமுறை பழுதுபார்த்தவன் அற்புதராஜ். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் துடைப்பக் கடை வைத்திருப்பவன், எதிரணி ஆட்டக்காரன், அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. வாலில் சிவப்புப் பெயிண்டில் 'இடப்பக்கம் வராதே' என்று எழுதியதும் அவனே. நிச்சயத்துக்குப் புது 78 வாங்கித் தருவதாகச் சொன்னான்.

"வேணாம் லா. புதுசு நாம சொல்றதுக்கு முன்னாடியே திரும்புது," என்றாள் அவள். அவன் முகம் சுருங்கியது.

3

மாதாகோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதற்கு முந்தைய சனிக்கிழமைதான் இறுதி ஆட்டம்.

ஏழாவது மாடியருகே அல்போன்சம்மாள் பிரேக் பிடித்தாள். அவளுக்கு இடப்பக்கம் அற்புதராஜ். வால் வீசியது. பளார் என்று கன்னத்தில்.

விதிப்படி இது சின்னத் தவறு, எதிரணிக்கு ஓர் இலவச வீச்சு. எதிரணியின் சீன ஆட்டக்காரர்கள் அதற்காகக் காத்து நின்றார்கள். ஆனால் நடுவர் சேக் தாவூது தமிழர். விசிலை வாயில் வைத்தவர் ஊதவேயில்லை.

4

(நீக்கப்பட்டது. அற்புதராஜின் தாய் அந்தோனியம்மாள் ஒரு முழுப் பக்கம் திட்டியது. கடைசி வரியை மட்டும் விட்டுவைக்கிறேன்: "கல்யாணத்துக்கு முன்னாடியே என் மவனத் தொடப்பத்தால அடிச்சிட்டா! நாளைக்கு ஓலை வாசிக்கட்டும், நான் எந்திரிச்சு நிக்கிறேனா இல்லையா பாரு!")

5

என் சிக்கல் அந்தோனியம்மாள் அல்ல, அற்புதராஜ். வலப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. எச்சரிக்கையை எழுதியவனே அந்தப் பக்கம் ஏன் போனான்? நான்தான் அவனை எழுதுகிறேன், எனக்கே தெரியவில்லை. இது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

ஞாயிறு. ஓலையை எடுத்ததும் அந்தோனியம்மாள் எழுந்தார். "தொடப்பத்தால அடிச்சா, ஃபாதர்."

ஃபாதர் புத்தகத்தைப் புரட்டினார். தடைகளின் பட்டியலில் துடைப்பம் இல்லை. வாசிக்கத் தொண்டையைச் செருமினார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அல்போன்சம்மாள் எழுந்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க ஃபாதர். அடிச்சது நான்தான். ஆனா லெஃப்ட்ல வந்தா படும்னு அவருக்குத் தெரியும். ஏன் வந்தாருன்னு சொல்லட்டும். அப்புறம் வாசிங்க."

அற்புதராஜ் எழுந்தான். கன்னத்தில் கோடுகள் இன்னும் இருந்தன.

"மறந்துட்டேன்" என்று எழுதினேன். அவள் நம்பமாட்டாள், அடித்தேன். "கல்யாணம் நின்னுடட்டும்னுதான்" என்று எழுதினேன். கை கூசியது, அதையும் அடித்தேன். "உன் பக்கத்துல கொஞ்ச நேரம் பறக்கலாம்னு—" இதைத்தான் வைத்துக்கொள்ள ஆசை. எனக்கு ஆசையாக இருப்பதாலேயே இதில் சந்தேகம். அது அவன் பதிலா, என் பதிலா?

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் வாயைத் திறந்துவிட்டான். நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். ஒன்பதரைக்கு ஆங்கிலப் பூசை, வெளியே ஆட்கள் வந்துவிட்டார்கள்.