மூன்றாம் கவுண்டரும் மஞ்சள் உப்பும்

மஞ்சள் கடை திறந்த முதல் மாதத்திலேயே அந்தக் கடையின் உப்பு நகரத்தில் பாதி வீடுகளில் கரையவில்லை. முதலில் தெரிந்தது தபால்காரர் வீட்டில். பருப்பு கொதித்து, இறக்கி, ஆறியும் விட்டது. உப்பு மட்டும் பாத்திரத்தின் அடியில் மணல் போலப் போட்டபடியே கிடந்தது. அடுத்து தையல்காரர் வீடு, பிறகு பல் மருத்துவர் வீடு. பல் மருத்துவர் ஒரு கல்லைக் கடித்துவிட்டுத் தன் பல்லுக்குத் தானே கண்ணாடி பார்த்து வைத்தியம் செய்துகொண்டார். அந்த வாரம் தக்காளி விலை இறங்கியிருந்தது, வெங்காயம் ஏறியிருந்தது, மழை இல்லை.

அதுவரை நகரத்தில் நீலக் கடை ஒன்றுதான் பெரிய கடை. இரண்டுக்குமே போர்டில் வேறு பெயர்கள் உண்டு. பை என்ன நிறமோ அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நீலக் கடை இந்த வட்டாரத்திலேயே பிறந்து கிளை விட்டது. உள்ளே இரண்டு தள்ளுவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். மின்விசிறி முனகும். தக்காளியை அமுக்கிப் பார்த்து எடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மஞ்சள் கடை மலைக்கு அந்தப் பக்கம் வளர்ந்து, மலையைத் தாண்டி வந்தது. அங்கே குளிர்ச்சி, வெளிச்சம், மெல்லிய தாளில் சுற்றிய தக்காளி, எல்லாமே கொஞ்சம் மலிவு. பெயர் கொடுத்தால் ஓர் அட்டை, அட்டையோடு ஒரு பாக்கெட் உப்பு இனாம். இனாம் என்பதால் வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் வாங்கிப் போனார்கள். உப்பு அப்படித்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

மஞ்சள் கடையின் பின்பக்கம், குளிர் அறைக்கும் கழிவறைக்கும் நடுவே, பொருள்களின் தரம் பார்க்கும் அறை ஒன்று இருந்தது. அதில் வேலை பார்த்த பெண்ணை எல்லோரும் சோதனைக்காரி என்றார்கள். வேதியியல் படித்தவள். அதிகம் பேசமாட்டாள், பேச வேண்டி வந்தால் சொல்ல வேண்டியதை முதலில் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். உப்பில் கண்ணாடித்தூள் கலந்திருக்கிறது என்று ஊர் பேசத் தொடங்கியதும், மண்டல மேலாளர் அவளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அவள் பாக்கெட்டின் மூலையை வெட்டிக் கருவியின் புனலில் செருகி, பொத்தானை அழுத்தினாள். கருவி உப்பைத் தண்ணீரில் விட்டு, சுழற்றி, அடங்கியது. உப்பு கரைந்தது. வேறு பாக்கெட், வேறு தண்ணீர் என்று மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் கரைந்தது. கடலோரத்து உப்பு ஆலைக்குத் தொலைபேசியில் பேசினாள். நீலப் பைக்கும் மஞ்சள் பைக்கும் ஒரே குவியல்தான், காலையில் அதை அடைப்போம், மதியத்துக்கு மேல் இதை அடைப்போம் என்று அங்கே இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். இதை மேலாளரிடம் சொன்னபோது அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை வெளிய மூச்சு விடாதீங்க,” என்றார். “ஒரே உப்புன்னா, கரையாதது யார் வீட்டுல, ஏன்னு மட்டும் பாருங்க.”

அவள் வீடு வீடாகப் போனாள். குடும்பத்தில் சமைப்பவரை உப்புப் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தாள். கரையாத வீடுகளில் எல்லாம் ஓர் ஒற்றுமை இருந்தது. மெத்தைக்கு அடியில், குடைக்குப் பின்னால், ஒரு வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள், மடித்து வைத்த நீலப் பைகள். மஞ்சள் அட்டையை மேசையில் வைத்துக்கொண்டே நீலக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். செய்தி பரவியதும் நகரத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் குப்பைக் கூடையில் என்ன நிறம் தெரிகிறது என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். விருந்தாளிகள் முதல் வாய் சாப்பிடும்போது வீட்டுக்காரர்கள் அவர்கள் தாடையையே கவனித்தார்கள். பேச்சு முடிந்திருந்த ஒரு கல்யாணம், பெண் வீட்டுச் சூப்பில் மாப்பிள்ளையின் அக்கா கரண்டியை அடிவரை விட்டுத் துழாவியதால் நின்றுபோனது. ஊர் அதை உப்புச் சப்பில்லாத காரணம் என்று சொல்லிச் சிரித்தது. பிறகு அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் பாத்திரத்தைத் துழாவினார்கள்.

மேலாளருக்கு ஊரைவிடத் தன் ஆட்கள்மேல்தான் சந்தேகம் அதிகம். கடையின் சம்பளம் வாங்குகிறவர்களின் வீட்டில் கடையின் உப்பு கரைந்தாக வேண்டும், கரையாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று அறிவித்தார். அந்தச் சோதனையும் அவள் தலையில்தான் விழுந்தது. மீன் பிரிவில் வேலை செய்தவன் தன் வீட்டில் முட்டைக் குழம்பில் உப்பைப் போட்டான். அது அப்படியே வெள்ளையாக நின்றது. “கை ஈரமா இருந்துச்சுக்கா, அதான்,” என்றான். அவள் குனிந்துகொண்டாள். மறுநாள் அவன் இடத்தில் வேறு ஒருவன் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கடைக்குள் அவள் நடந்து போனால் பேச்சு நின்றுவிடும். கடைசியாக மேலாளர் அவளுடைய வீட்டைச் சொன்னார். அங்கே மட்டும் தானே வருவதாகவும் சொன்னார்.

அவளுக்கு அதில் பயம் இருக்கவில்லை. அவள் வீட்டில் சமைப்பது மாமியார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கால்களையும் அகட்டி வைத்து, வீடே ஓடுகிற வண்டி என்பது போல நின்று சமைப்பார். அவர் கையால் மஞ்சள் உப்பு போட்டு கடை திறந்ததிலிருந்து எல்லோரும் சாப்பிடுகிறார்கள், ஒரு கல்லும் பல்லில் பட்டதில்லை. ஆனால் மேலாளர் சொன்ன அதே வாரத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி, வலது மணிக்கட்டில் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அன்று சோதனைக்காரி சமைத்தாள். பருப்பில் உப்பைப் போட்டாள், கிளறினாள், தீயைக் கூட்டினாள், மறுபடி கிளறினாள். பருப்பு கரைந்து குழைந்தது, உப்புதான் கரையவில்லை. யாரும் பார்ப்பதற்குள் அத்தனையையும் கொட்டிவிட்டு, பருப்பு தீய்ந்துவிட்டது என்றாள்.

வீட்டுக்குள் யாரோ நீலக் கடைக்குப் போகிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. யார் என்பதுதான் கேள்வி. முதலில் கணவனைச் சந்தேகித்தாள். அவன் கட்டடங்களுக்கு வயரிங் செய்பவன், பகலெல்லாம் வெளியே இருப்பவன். அவன் குளிக்கும்போது அவனுடைய பையைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நீலக் கடையின் உள்ளே ஒரு வாசனை உண்டு, சோப்பும் பழைய அட்டைப்பெட்டியும் கலந்தது, அவளுக்கு நன்றாகத் தெரியும். பையில் ரப்பர் நாற்றம்தான் இருந்தது. தலை துவட்டிக்கொண்டே வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, “என்ன தேடற?” என்றான். “ஸ்க்ரூடிரைவர்,” என்றாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அன்றிலிருந்து அவனும் அவளைச் சந்தேகிக்கத் தொடங்கினான், எதற்கென்று தெரியாமலே.

அடுத்து மாமியார். அவர் மாலையில் நடக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பும்போது, சோதனைக்காரி அரைநாள் விடுப்பு எடுத்துப் பின்னால் போனாள். மாமியார் பூங்காவுக்குப் போனார், ஓய்வு பெற்ற இரண்டு டிரைவர்களோடு உட்கார்ந்து எந்தத் தடத்தில் கூட்டம் அதிகம் என்று சண்டை போட்டார், எழுந்து வந்தார். திரும்பும் வழியில், தலையைத் திருப்பாமலே, “முன்னாடி வா, ஒண்ணாவே நடக்கலாம்,” என்றார். “நான் படிக்கட்டுல நின்னே கடைசி சீட்டுல டிக்கெட் எடுக்காதவனப் பிடிச்சவ. என்னையே பின்தொடர்றியா நீ?”

அவள் முன்னால் வந்து ஒன்றாக நடந்தாள். வீட்டுக்குள் போனபோது கணவன் தனக்கு முட்டை ஊற்றிக்கொண்டிருந்தான். மஞ்சள் பாக்கெட்டில் கையை விட்டு எடுத்துத் தூவினான். உப்பு கரைந்தது. மாமியார் இடது கையால் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் தண்ணீரில் போட்டுக் குடித்தார். அதுவும் கரைந்தது. இருவரும் கூடத்துக்குப் போனபின் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, தன் கையால் ஒரு சிட்டிகை போட்டாள். உப்பு மெல்ல இறங்கி அடியில் உட்கார்ந்தது. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு கல்லும் அதன் விளிம்பும் தெளிவாகத் தெரிந்தன. உப்பு வீட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. கடையில் அத்தனை நாள் உப்பைத் தண்ணீரில் விட்டது கருவி. கருவிக்கு எந்தக் கடையும் ஒன்றுதான்.

ஆனால் அவள் மஞ்சள் கடையில் சேர்ந்த நாளிலிருந்து நீலக் கடைக்குள் காலே வைத்ததில்லை. சமையல் மேடையில் சாய்ந்து நின்று யோசித்தபோது அவளுக்கு மூன்றாம் கவுண்டர் நினைவுக்கு வந்தது. கயிறு கட்டிய கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி அங்கே பில் போடுவார். வேலை கிடைக்காமல் இருந்த வருஷங்களில், பகல் முழுக்க அவளோடு பேசியது அந்தப் பெண்மணி மட்டும்தான் என்ற நாள்கள் உண்டு. ஒரு தடவை தலைவலி மாத்திரை வாங்கினாள், அதற்கப்புறம் எப்போது போனாலும் “தலைவலி எப்படி இருக்கு?” என்று கேட்பார். மற்ற கவுண்டர்கள் காலியாக இருந்தாலும் அவள் அந்த வரிசையிலேயே நின்றாள். வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டாள். இப்போதும் அந்தத் தெருவில் எதிர்ப்பக்க நடைபாதையில், தலையைக் குனிந்துகொண்டுதான் போவாள். அவ்வளவுதான் அவளுக்கும் நீலக் கடைக்கும் இருந்த தொடர்பு. உப்புக்கு அது போதுமானதாக இருந்தது.

மேலாளர் ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தார், கூடவே கடை ஆட்கள் இரண்டு பேர். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் கட்டுப் போட்ட கையோடு அடுப்பை மறைத்து நின்று, “எங்க வீட்டுல உப்பு போடறது நான்தான்,” என்றார். இடது கையால் எடுக்கவும் போனார். மேலாளர் அவர் கட்டைப் பார்த்தார், சோதனைக்காரியின் முகத்தைப் பார்த்தார். “இன்னிக்கு அவங்க போடட்டும்,” என்றார். அவள் போட்டாள். கூட வந்தவர்களில் ஒருவன் கரண்டியை விட்டு எடுத்தான். உப்பு கரண்டியில் வெள்ளையாக இருந்தது. கணவன் கரண்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஒரு வாரமாக எதைச் சந்தேகித்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

“நான்தான்,” என்றாள் அவள். “வீட்டுல வேற யாரும் இல்ல. உப்பு போடற ஆளத்தான் பாக்குது. மீன் பிரிவுக்காரர் வீட்டுலயும் அவர் மட்டுந்தான் போட்டாரு.” அவள் அந்த மேலாளரிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் உப்புப் பாக்கெட்டை அவர் முன்னால் நீட்டினார். “நல்லதாப் போச்சு. நீங்களும் ஒரு சிட்டிகை போடுங்க தம்பி. பாத்திரம் பெருசு, தாங்கும்.”

மேலாளர் பாக்கெட்டுக்குள் விரலை விட்டு உப்பை எடுத்துவிட்டார். கை பாத்திரத்துக்கு மேலே வந்து நின்றது. அது வெகுநேரம் நின்றது. கூட வந்த இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். மாமியார் அவர் முகத்தைப் பார்த்தார், கடைசி சீட்டைப் பார்ப்பதுபோல. அவர் தினமும் வழவழவென்று முகம் மழிப்பவர் என்றும், அந்த வகை பிளேடு மஞ்சள் கடையில் வருவதில்லை என்றும் பின்னால் சிலர் சொன்னார்கள். அது உண்மையா என்று தெரியாது. வேர்த்த விரல்களில் உப்பு ஒட்டிக்கொண்டது. அவர் கையைப் பின்னால் இழுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, “இன்னொரு கிளைக்குப் போகணும், நேரமாச்சு,” என்றார். வந்த இருவரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக வெளியேறினார். போகும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து வீட்டுச் சோதனை நடக்கவில்லை. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் நீ போட்டுக் காட்டு என்பார்களோ என்ற பயம். மீன் பிரிவுக்காரன் திரும்ப வந்து, எதுவும் நடக்காததுபோலச் செதில் தேய்த்தான். இரண்டு வருஷத்தில், மஞ்சள் கடைக்குப் பக்கத்தில் எழுந்த புதுக் குடியிருப்புகளில் நீல உப்பு கரையாமல் போகத் தொடங்கியது. மஞ்சள் கடையிலும் யாரோ ஒரு கவுண்டரில் யாரையோ ஏதோ விசாரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் உப்பைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் எடுத்துப்போனார்கள். வீட்டுக்காரர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் தாள் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை சோதனைக்காரி தெருவைக் கடந்து நீலக் கடைக்குள் போனாள். எதிரில் வந்த தள்ளுவண்டிக்கு வழிவிட்டு, ஒரு பாக்கெட் உப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் கவுண்டரில் நின்றாள். என்ன சொல்வதென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். அந்தப் பெண்மணி பாக்கெட்டை எடுத்து, நிமிராமலே, “தலைவலி எப்படி இருக்கு?” என்றார். சொல்லிப் பார்த்தது எல்லாம் மறந்துபோனது. “அப்பப்ப வருது,” என்றாள். “உன் கண்ணாடிய மாத்துன்னு எத்தன தடவ சொல்றது,” என்று அவர் மீதிச் சில்லறையை அவள் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் நின்று, அவள் கையில் இருந்த நீலப் பையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு உப்பு டப்பாக்கள் உண்டு. அவள் தினமும் வேலைக்குப் போகிறாள். கருவி மஞ்சள் உப்பைத் தண்ணீரில் விடுகிறது, அது கரைகிறது, அவள் கையெழுத்துப் போடுகிறாள். வீட்டில் அவள் கையால் மஞ்சள் உப்பு இன்றும் கரைவதில்லை. அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்க அதைப்போல ஒன்று இல்லை என்று மாமியார் கண்டுபிடித்த பிறகு, பாத்திரம் கழுவுகிற வேலை மட்டும் அவளுக்கென்று ஆகிவிட்டது.