தைரியக்காரியின் பன்னிரண்டாவது புத்தகம்

பதிப்பகத்தில் அவளுக்குத் தைரியக்காரி என்று பெயர். இருட்டுக்குப் பயப்படாதே, நாய்க்குப் பயப்படாதே, ஊசிக்குப் பயப்படாதே என்று பிள்ளைகளுக்குப் பதினொரு படப் புத்தகம் வரைந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஊருக்குத்தான் உபதேசம். ஆறு மாதமாக அவளுக்கு வலது கை நடுங்குகிறது. டாக்டரிடம் போகப் பயம்.

கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். தண்ணீருக்குப் பயப்படாதே என்ற இந்தப் பன்னிரண்டாவது புத்தகம் முடியட்டும் என்பாள். டாக்டர் ஏதாவது நோயின் பெயரைச் சொல்லிவிட்டால்? விஷயம் பதிப்பாசிரியையின் காதுக்கு எட்டினால் அடுத்த புத்தகம் வேறு கைக்குப் போய்விடும். வரையாத ஒரு நாளை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒளித்து ஒளித்தே பாதி உயிர் போயிருந்தது.

முகங்களைக் கடைசியில் போடுவது அவள் வழக்கம். உடம்பு, உடுப்பு, நீச்சல் குளம் எல்லாம் முடித்து, முகங்களை மட்டும் வெள்ளையாக விட்டுவைத்து, ஒரே நாளில் உட்கார்ந்து முடிப்பாள். இந்த முறை பயந்த முகங்கள் அருமையாக வந்தன. கோடு தானாக நடுங்கியது. குதிக்கும் பலகைமேல் நின்ற சிறுமியின் உதடும் நடுங்கியது. இவ்வளவு நன்றாக இதுவரை வந்ததே இல்லை.

கடைசிப் பக்கம்தான் காலை வாரியது. சிறுமி பயம் தெளிந்து, சிரித்துக்கொண்டே குதிக்க வேண்டும். வேறு தாளில் பத்து முறை போட்டுப் பார்த்தாள். பத்து முறையும் வாய் கோணியது. அலுத்துப்போய், ஆனது ஆகட்டும் என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பதிப்பாசிரியை போனில் கூப்பிட்டார்.

"அக்கா, கடைசிப் பக்கத்துலயும் பொண்ணு பயந்துக்கிட்டுத்தானே இருக்கா?"

பயத்தோடு குதிப்பதுதான் தைரியம் என்று ஒரு போடு போட்டிருக்கலாம். பதினொரு புத்தகம் போட்டவளுக்கு அந்த மாதிரி வாக்கியத்துக்கா பஞ்சம்? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இன்னொரு பொய்யைச் சுமக்க அவளிடம் தெம்பு இல்லை.

"வேணும்னு அப்படி வரையல. என் கை நடுங்குது. ஆறு மாசமா."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார் பதிப்பாசிரியை.

"இன்னும் போகல. பயமா இருக்கு."

அந்தப் படம் அப்படியே இருக்கட்டும் என்றார் பதிப்பாசிரியை. அடுத்த புத்தகத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவரிடம் போய் நின்றாள்.

"இன்னைக்கே போலாம். வெளிய உக்காந்துறாதீங்க. உள்ள வரைக்கும் வாங்க."