பெயர் சொல்லாத உதாரணம்

ரோஷினியும் கிருபாகரனும் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியல் ஆசிரியர்கள். வர்க்கம், வேலைப் பிரிவினை, மதம் என்று சமூகத்தை மொத்தமாக விளக்கப் பார்த்த பழைய கோட்பாடுகளை அவள் நடத்தினாள். அதிகாரம் நம் பேச்சிலும் உடம்பிலும் எப்படிக் குடியேறுகிறது என்று கேட்கும் இன்றைய கோட்பாடுகளை அவன் நடத்தினான். எது பெரிது என்று சண்டை போட்டே நண்பர்களானவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் வீட்டுக்கு வந்து, அவளுடைய அம்மா சரசா வைக்கும் மீன்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

அப்படி ஒரு மதியம் சரசா அவனிடம் மனம்விட்டுப் பேசினாள். அவள் பிறந்தது வடசென்னை வியாசர்பாடியில். கணவனுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்து குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், அவள் "இன்னா", "ஊடு" என்று பேசுவதைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்களாம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "என்ன, வீடு" என்று சொல்லிப் பழகினாளாம். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனால் தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டிவிட்டு வந்துவிடுவாளாம். ரோஷினிக்கே அது அன்றுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் கல்லூரியில் கருத்தரங்கு நடந்தது. மகள் பேசுவதைப் பார்க்க சரசா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ரோஷினி பேசி முடித்ததும் கிருபாகரன் மேடை ஏறினான். பழைய கோட்பாடுகள் மனிதனின் சம்பளத்தைப் பார்த்தன, நாக்கைப் பார்க்கவில்லை என்று தொடங்கியவன், "எனக்குத் தெரிந்த ஓர் அம்மா" என்றான். குளியலறையைச் சொன்னான். தொண்டைக்கட்டைச் சொன்னான். சரசாவைப் போலவே இழுத்துப் பேசியும் காட்டினான். அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் சரசா தலை குனிந்திருந்தாள்.

வெளியே வராந்தாவில் ரோஷினி அவனை நிறுத்தி, அம்மா கதையை ஏன் மேடையில் சொன்னாய் என்று கேட்டாள். அவன் நிஜமாகவே திகைத்தான்.

"பேரைச் சொல்லலையே, ரோஷினி. அவங்க பட்ட கஷ்டத்தத்தானே சொன்னேன்?"

"சொல்லட்டுமான்னு அவங்களக் கேட்டியா?"

அதற்குள் சரசா பக்கத்தில் வந்துவிட்டாள். "எம்புள்ள மாறின்னுதான்பா உங்கையில சொன்னேன்" என்றாள். பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து ரோஷினி விலகினாள். கிருபாகரன் தன் உரையைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழில் வெளியிட்டான். பலரும் பாராட்டினார்கள். அந்த அம்மா வரும் பகுதியை எடுத்துவிடச் சொல்லி ரோஷினி முன்பே கெஞ்சியிருந்தாள். அந்த அம்மா இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

கட்டுரை வெளிவந்த அன்று சாயங்காலம் ரோஷினி அதை அம்மாவிடம் சொன்னாள். சரசா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"நீயும் என்னியப் பத்தி எங்கியாச்சும் எய்துவியா?"

மாட்டேன் என்றாள் ரோஷினி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். சரசா சரியென்று தலையாட்டிவிட்டு, கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தன் பழைய கதை எதையும் அவள் மகளிடம்கூடப் பேசவில்லை.