முன் சீட்டு வழக்கு

மாப்பிள்ளையின் காரில் அழுகிய முட்டை நாற்றம் வர ஆரம்பித்த அன்று, வண்டியில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமனார் ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வழக்குகளைக் கட்டுக் கட்டாக அக்குளில் இடுக்கிக்கொண்டு அலைந்தவர். தன்மேலேயே ஒரு வழக்கு வரும், அதுவும் இப்படியொரு பிரிவில் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"அப்பா, கண்ணாடியை இறக்கிக்கோங்க" என்றாள் மகள். அதுதான் முதல் எச்சரிக்கை. அடுத்த வாரம் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு மாற்றப்பட்டார். அதற்கும் அடுத்த வாரம் பின் சீட்டின் ஓரத்துக்கு, கழுத்து ஜன்னலுக்கு வெளியே இருக்கும்படி. காலியான முன் சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இடத்தின்மேல் அவருக்குக் கல்யாணத்தன்றிலிருந்தே ஒரு கண்.

தட்டிலும் கை வைத்தார்கள். முதலில் பயறு போனது. பிறகு கோஸ், உருளைக்கிழங்கு, முட்டை. கடைசியில் கஞ்சி மட்டும் மிஞ்சியது. அதிலும் சோற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்றம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

"பழசெல்லாம் இப்பதான் வெளியில வருது" என்று விளக்கம் சொன்னார் சம்பந்தியம்மா.

நாற்றம் லேசுப்பட்டதல்ல. சிக்னலில் கார் நின்றால் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர்காரர்கள் சிவப்பு விளக்கையும் மதிக்காமல் பறந்தார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டிய போக்குவரத்துக் காவலர் அவர்களுக்கும் முன்னால் ஓடினார். தெருமுனை மரத்தில் குடியிருந்த காக்கைகள் ஒரு நாள் காலையில் குடும்பத்தோடு வீடு மாற்றிப் போய்விட்டன.

ஒரு நாள் மாமனாரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்ப் பார்த்தார்கள். அன்றைக்கும் நாற்றம் வந்தது. விடுதலை கிடைத்துவிட்டது என்று மாமனார் துள்ளிக் குதித்தார்.

"அதெப்படி மாமா? எத்தனை வருஷமா அந்த சீட்ல உட்கார்ந்திருக்கீங்க? பஞ்சுல ஊறியிருக்கும்ல" என்றார் மாப்பிள்ளை.

மெத்தையைக் கழற்றிச் சோப்புப் போட்டு அலசி மாடியில் காயவைத்தார்கள். வெறும் கம்பிமேல் உட்கார்ந்து போனபோதும் நாற்றம் வந்தது. கம்பியிலும் ஊறிவிட்டது என்று முடிவாயிற்று.

"ஏன் மாப்பிள்ளை, ஒருவேளை வண்டியிலயே ஏதாவது கோளாறு..." என்று ஒரு தடவை மாமனார் இழுத்துப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போனது. "மாமா, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. வண்டியைச் சொல்லாதீங்க. உங்க பொண்ணு வர்றதுக்கு முன்னாடியிருந்து என்கூட இருக்கு. ஒரு நாள் என்னை எதிர்த்துப் பேசியிருக்கா?"

வண்டி எதிர்த்துப் பேசத்தான் செய்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு ரொம்ப நாளாக எரிந்துகொண்டிருந்தது. கண் கூசுகிறது என்று மாப்பிள்ளை அதன்மேல் சிரிக்கும் சூரியன் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார். பின்னாலிருந்து வெளிச்சம் கிடைத்ததில் சூரியன் நிஜமாகவே நன்றாக இருந்தது.

இப்படி இருக்கும்போது, மலைமேல் ஊரில் இருக்கும் சின்ன மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமனாருக்கு முதல் பேத்தி. எல்லோரும் காரில் போவது, மாமனார் மட்டும் பஸ்ஸில் வருவது என்று சாப்பாட்டு மேசையில் தீர்ப்பானது.

"பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை பள்ளிக்கூடம் போயிடும்" என்று முறையிட்டார் மாமனார்.

"பச்சைக் குழந்தை மூக்கு, சம்பந்தி. நீங்க காத்தாட வந்து சேர்றதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றார் சம்பந்தியம்மா.

மலை அடிவாரத்துப் பஸ் நிறுத்தத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்த நேரத்தில், கறுப்பாக ஒரு புகை குப்பென்று அவர் முகத்தில் அடித்தது.

மாமனார் அப்படியே நின்றுவிட்டார். நாற்றம் புகையில் வருகிறது. தானோ காருக்குள் இல்லை. தான் சாப்பிட்டதோ கஞ்சி. இவ்வளவு பலமான சாட்சியம் எந்த வழக்குக் கட்டிலும் அவர் பார்த்ததில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மூக்கை நீட்டியபடி காருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்றத்தில் கார் போன வேகம் அப்படி. காய்கறிப் பையோடு போன ஒரு அம்மாள் அதை முந்திக்கொண்டு போனார். ஒரு நத்தை ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. நம்பாதவர்கள், அது ஒதுங்காமல் முந்திப் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியில் இதைப் பார்த்த மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டினார். "மாமா! என்ன பண்றீங்க? ஊரே வேடிக்கை பாக்குது!"

"குறுக்கு விசாரணை மாப்பிள்ளை. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

ஓட்டத்தான் முடியவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுக் கார் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். வண்டிகளுக்கு எங்கே மூச்சு நிற்கும் என்று கணக்குப் பார்த்து, அந்த இடத்திலேயே கடை போட்டவர் அந்த மெக்கானிக். சத்தமே போடாதவர் என்பதால் அவரை எல்லோரும் சைலன்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சைலன்சர் காருக்கு அடியில் படுத்து, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"கன்வர்ட்டர் போச்சு" என்றார்.

புகைக்குழாயின் நடுவில் வயிறு மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் பீங்கானில் செய்த தேன்கூடு. வருகிற புகையைச் சுத்தம் பண்ணி அனுப்புவது அதன் வேலை. ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்துபோய், சரியாக எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து எரிந்து, கூடு பாதி உருகி அடைத்துக்கொண்டது, பாதி உடைந்து உருண்டது.

"மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு மலை ஏறச் சொன்னா நீங்க ஏறுவீங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார் சைலன்சர். அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"அந்த நாத்தம்?" என்று குனிந்து கேட்டார் மாமனார்.

"இதோடதுதான்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அந்தம்மாவுக்குக் கேக்கலை."

சம்பந்தியம்மாவுக்கு நன்றாகவே கேட்டது. "ஒருத்தர் சொன்னா ஆச்சா? முதல்ல மாத்தட்டும். அப்புறம் கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு மேல வரைக்கும் போவோம். நாத்தம் வந்துச்சுன்னா நீங்க அங்கேயே இறங்கி பஸ்ஸைப் பிடிக்கணும். வரலைன்னா முன் சீட்டு உங்களுக்கே, நான் வாயே திறக்கலை."

"சம்மதம்" என்றார் மாமனார்.

குழாய் ஆறும் வரை காத்திருந்தார்கள். ஸ்பேர் கடைக்காரர் புதுப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுவந்தார். பழைய போல்ட்டுகள் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கிடந்தன. சைலன்சர் எண்ணெய் விட்டுப் பார்த்தார், ஸ்பானரில் தொங்கிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. கிரைண்டரை வைத்துப் பொறி பறக்க அறுத்தார். வண்டிக்கு வலிக்கும் என்று மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்த சம்பந்தியம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, வறுத்த கடலை. மகளும் மாப்பிள்ளையும் கொஞ்சம் கொறித்தார்கள்.

"சம்பந்திக்கு இதெல்லாம் ஆகாது. வீணாப் போகக்கூடாதே" என்று மாமனாரின் பங்கையும் சம்பந்தியம்மாவே ஒரு கடமையாகச் சாப்பிட்டு முடித்தார். மாமனார் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

புதுப் பெட்டி ஏறியது. புது பிளக்குகள் ஏறின. சைலன்சர் சூரியன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து, அதை மாப்பிள்ளையின் சட்டைப் பையிலேயே ஒட்டிவிட்டார். பழைய கன்வர்ட்டரை மாமனார் கேட்டு வாங்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டார். பேத்திக்குக் காட்ட வேண்டுமாம்.

"நீங்க முன்னாடி உட்காருங்க. நான் பின்னாலிருந்து கவனிக்கிறேன்" என்றார் சம்பந்தியம்மா.

கண்ணாடிகள் ஏறின. கார் கிளம்பியது. கிளம்பியது என்றால், ஹாரன் அடித்த சத்தம் இரண்டு வளைவு தள்ளித்தான் வந்து சேர்ந்தது. முன்பு முந்திப்போன காய்கறி அம்மாளைத் தாண்டியது. மாமனார் அவருக்குக் கையசைத்தார். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. நாற்றம் இல்லை. மாப்பிள்ளையின் கண்கள் கலங்கின. "மாமா, என்னை மன்னிச்சு..." என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் வந்தது.

பழைய நாற்றம் இதன் கால்தூசிக்குக் காணாது. மாப்பிள்ளை பாதி மன்னிப்போடு மாமனாரைப் பார்த்தார். மாமனார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். உள்ளே வெந்நீர்தான். மகள் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையை அவ்வளவு அக்கறையோடு அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

காருக்குள் யாரும் மூச்சு விடவில்லை. விட வசதியும் இல்லை.

"மெக்கானிக் சரியா மாட்டலை போலிருக்கு" என்றார் சம்பந்தியம்மா கடைசியில்.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். புது எஞ்சின் போல வழுக்கிக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்தார். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாம்மா. வண்டிதான்."

"பழைய வண்டிதானே" என்றாள் மகள் அவசரமாக.

"இறங்கணுமா, சம்பந்தியம்மா?" என்று மரியாதையோடு கேட்டார் மாமனார்.

"நீங்க எதுக்கு இறங்கணும்? தப்பு வண்டி மேல" என்றார் சம்பந்தியம்மா, மலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமனார் கண்ணாடியை இறக்கிவிட்டு முன் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு யாரும் பார்க்காதபோது டேஷ்போர்டை உள்ளங்கையால் தடவிக்கொடுத்து, அதற்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"கவலைப்படாதே. ஒரு வாரம் கஞ்சி ஊத்துவாங்க. அப்புறம் பழகிடும்."