முன்சக்கரம் பொருந்தவில்லை

கெரின் பாஸ்கோ ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகைகளுக்குச் சமையல் செய்து கொடுப்பவள். ஒரு பண்ணையில் கத்தரிப்பு முடிந்ததும் அடுத்த பண்ணைக்குப் போவாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாம் உயரமான வண்டிகளை வைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் ஒரு நீல நிற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். எட்டு சிலிண்டர் எஞ்சின். தெருமுனையில் திரும்பும்போதே அதன் உறுமல் அவள் குடியிருந்த ஹாக்கர் ஊர் முழுக்கக் கேட்கும். "அது கார், சமையல் வண்டி இல்ல" என்று யாராவது சொன்னால், "நான் சமைக்கிறது எட்டு மணி நேரம், மிச்ச நேரம் நான் வாழணும்ல" என்பாள்.

தொல்லை சக்கரத்தில் இருந்தது. இருபது அங்குல ரிம், அதைச் சுற்றி விரல் தடிமனில் ரப்பர். தார் ரோட்டில் அழகு. பண்ணைகளுக்குப் போகும் சரளைக்கல் பாதையில் ஒரு கூரான கல் போதும், டயர் கிழிந்துவிடும். போன மாதம் அப்படித்தான் ஒன்று கிழிந்து, வெயிலில் அரை நாள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் தம்பி லாக்கிதான் வழி சொன்னான். அவன் மண் பாதைகளைச் சமன் செய்யும் கிரேடர் ஓட்டுபவன். அந்தப் பக்கத்துப் பாதைகளில் எந்த வளைவில் எந்தக் கல் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பதினேழு அங்குல ரிம் நாலு வாங்கி, அதில் பருத்த டயர் போட்டுவிட்டால் வெளிச்சுற்று ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கல்லில் விழுந்தாலும் ரப்பர் தாங்கிக்கொள்ளும் என்றான். போர்ட் அகஸ்டாவில் பழைய கார்களை உடைத்து விற்கும் கடையில் அவனே தேடிப் பிடித்து வாங்கி வந்தான்.

"அதே கம்பெனி, அதே அஞ்சு போல்ட் ஓட்டை. கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றான்.

"உள்ள பிரேக் இருக்கு, அளந்து பாத்தியா?"

"கெரின், நான் உன் தம்பி. எதிராளி இல்ல."

அவள் வில்லாரி பண்ணைக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலையில் வீட்டுக் கார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் வேலையை ஆரம்பித்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளில் காரை உட்கார வைத்தார்கள். பின்பக்கம் இரண்டும் கச்சிதமாக ஏறின. லாக்கி எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "சொன்னேன்ல."

முன்பக்கம் ஏறவில்லை. அந்தக் காரின் முன் பிரேக் பெரியது. சுழலும் பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், பிரட் துண்டு அளவுக்கு வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. ரிம்மின் உட்புறம் அதில் முட்டி நின்றது. கையால் சுற்றிப் பார்த்தான். அரைச் சுற்று வந்து கறக்கென்று நின்றது.

"ஒரு நூல் அளவுதான்" என்றான். "போல்ட்டுல ரெண்டு மூணு வாஷர் கோத்துட்டு மாட்டுனா ரிம் வெளிய தள்ளி நிக்கும். முடிஞ்சுது."

"வேண்டாம். நட்டு பிடிக்கிறதுக்கு மரை மிச்சம் இருக்குமா?"

"எல்லாம் இருக்கும்."

"லாக்கி, வேண்டாம்னா வேண்டாம். முன்னால பழைய பெரிய சக்கரமே இருக்கட்டும். மெதுவா போயிக்கறேன்."

"மெதுவாவா? நீயா? பன்னியோ ஓடைகிட்ட கல்லெல்லாம் இப்ப கத்தி மாதிரி மேல நிக்குது. நேத்துதான் பாத்தேன். மறுபடியும் கிழியும். அங்க போன் கூட எடுக்காது."

அவள் சாமான் கட்ட உள்ளே போனாள். பதினான்கு பேருக்கு ஒரு வாரச் சாப்பாடு. மாவு, உருளைக்கிழங்கு, முட்டை, வெண்ணெய், டின் டின்னாகப் பழம்.

லாக்கி கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் சொன்னது பொய்யாகப் போனது அவனை அரித்தது. அக்காள் நடுப்பாதையில் தனியாக நிற்பாள் என்ற கவலையும் உண்மையிலேயே இருந்தது. இரண்டும் சேர்ந்து அவனை எழுப்பின. அலமாரியிலிருந்து வாஷர் பெட்டியை எடுத்தான்.

அவள் வெளியே வந்தபோது கார் நான்கு சின்னச் சக்கரங்களில் தரையில் நின்றது.

"எப்படி?"

"காலிப்பர் முனைய அரத்தால கொஞ்சம் தேச்சேன். இறங்கிடுச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். சக்கரத்தைக் காலால் உதைத்தாள். அசையவில்லை. "அசிங்கமா இருக்கு. ஓட்டப்பந்தயக்காரிக்குப் பாட்டி செருப்பு மாட்டுன மாதிரி" என்றாள். ஆனால் சிரித்தாள். சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்து டயர் கடைக்காரன் வார்விக் தன் ஜாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தான். கழற்றிப் போட்டிருந்த பெரிய சக்கரங்களைப் பார்த்தான். "ஓ, மாட்டிட்டீங்களா? முன்னால இடிச்சிருக்குமே?" என்றவன், தரையில் திறந்து கிடந்த வாஷர் பெட்டியைப் பார்த்தான்.

"எத்தன வாஷர் போட்ட?"

"போல்ட்டுக்கு மூணு."

"நட்டு எத்தன சுத்து ஏறுச்சு?"

லாக்கி யோசித்தான். "நாலு. அஞ்சு இருக்கும்."

வார்விக் ஜாக்கியைக் கீழே வைத்தான். கத்தவில்லை. "அது பத்துக்குக் குறைஞ்சா நான் கடைய விட்டு வெளியவே விடமாட்டேன். சரளப் பாதையில அதிர அதிரக் கழண்டுடும். எங்க இப்ப அவ?"

லாக்கி அதற்குள் போனை எடுத்திருந்தான். மணி அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு குரல் அமைதியாகச் சொன்னது. மறுபடி அடித்தான். அதே குரல்.

"பெரிய சக்கரத்த உன் வண்டில போடு" என்றான் வார்விக். இருவருமாக இரண்டு சக்கரங்களைத் தூக்கி பின்பக்கம் திறந்த லாக்கியின் யூட் வண்டியின் பின்தட்டில் எறிந்தார்கள். லாக்கி வண்டியைக் கிளப்பியபோது வார்விக் கை உயர்த்தி ஏதோ சொன்னான். லாக்கிக்குக் கேட்கவில்லை.

தார் ரோடு முடிந்து சரளைப் பாதை தொடங்கியது. தானே சமன் செய்த பாதை. ஆனால் மழையில்லாமல் மறுபடி அலை அலையாக வரியோடிக் கிடந்தது. யூட்டே கடகடவென்று உதறியது. அந்த உதறலில் ஐந்து சுற்று மரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவன் மனம் கணக்குப் போடப் பார்த்தது. போட விடாமல் விரட்டினான். கெரின் இந்தப் பாதையில் எந்த வேகத்தில் போவாள் என்று அவனுக்குத் தெரியும். பருத்த டயர், இனிக் கிழியாது என்ற தைரியம் வேறு. அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் அவன்தான்.

பாதை நடுவில் ஏதோ மின்னியது. பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினான். நசுங்கிய பீர் டப்பா. கழன்ற நட்டு என்று நினைத்துவிட்டான். டப்பாவை ஓரத்தில் வீசிவிட்டு மறுபடி வண்டியில் ஏறினான்.

மேற்கே மண் புழுதி எழும்பி மலையை மறைத்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு வண்டி வந்தால் கேட்கலாம் என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. இரண்டு ஈமு பறவைகள் குறுக்கே ஓடின. அதற்கப்புறம் வெறும் பாதை.

பன்னியோ ஓடைக்கு முந்தின இறக்கத்தில் அந்தத் தடத்தைப் பார்த்தான். டயர் தடம் இல்லை. இரும்பு உழுத தடம். பாதை நடுவில் ஆழமாகக் கீறிக்கொண்டு, வளைந்து, ஓரத்து வாய்க்காலை நோக்கிப் போனது.

கார் மூக்கு கீழாக உப்புப் புதர்களுக்குள் இறங்கியிருந்தது. முன் இடது பக்கம் சக்கரமே இல்லை. ஓட்டுநர் கதவு திறந்திருந்தது. இருக்கையில் யாரும் இல்லை.

"கெரின்!"

காற்று மட்டும் கேட்டது. இறக்கத்தில் சறுக்கி விழுந்து எழுந்து காரைச் சுற்றி ஓடினான். அந்தப் பக்கம், நிழலில், உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். இடது கையை மார்போடு அணைத்திருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. முகம் முழுக்கப் புழுதி, கண் மட்டும் தெரிந்தது.

அவள் பக்கத்தில், தட்டையான ஒரு கல்லின் மேல், வாஷர்கள் வரிசையாக இருந்தன. பொறுக்கி எடுத்திருக்கிறாள்.

"இதுக்குப் பேரு என்ன, லாக்கி?"

அவன் மண்டியிட்டான்.

"ஸ்டியரிங் நடுங்குச்சு. பாதைதான் சரியில்லன்னு நெனச்சேன். அப்புறமும் நடுங்குச்சு. சரி, எறங்கிப் பாப்போம்னு வேகத்தக் கொறச்சேன். கொறச்ச உடனே போயிடுச்சு. சக்கரம் எனக்கு முன்னாடி ஓடுது, நான் பாக்கறேன்." அவள் குரல் உயரவேயில்லை. "நூறுல போயிருந்தேன்னா?"

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. வேண்டாம்னு சொன்னேன். அரத்தால தேச்சேன்னு உன் வாய்ல இருந்து வந்துச்சு. நான் நம்புனேன்."

"அவமானமா இருந்துச்சு" என்றான் லாக்கி. "பொருந்தும்னு சொல்லிட்டேன். பொருந்தல."

அவள் எழுந்தாள், தள்ளாடினாள். அவன் பிடிக்கப் போனபோது தட்டிவிட்டாள்.

பெரிய சக்கரத்தை மாட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினான். ஐந்து போல்ட்டில் மூன்று வளைந்து, மரை சுரண்டிப் போயிருந்தது. பயனில்லை.

"ஆஸ்பத்திரி" என்றான்.

"கொட்டகைதான் பக்கத்துல இருக்கு. ஆஸ்பத்திரி தூரம். பதினாலு பேர் ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க. பெட்டிய ஏத்து."

"கை ஒடஞ்சிருக்கு."

"ஆமா. அதனாலதான் உன்னக் கூட்டிட்டுப் போறேன்."

புழுதிக் காற்று வந்து அவர்களைச் சூழ்ந்தபோது அவன் ஒவ்வொரு பெட்டியாக யூட்டுக்குச் சுமந்தான். முட்டையில் பாதி உடைந்திருந்தது. அவள் முன்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் பாதையின் ஒவ்வொரு வரியிலும் வண்டியை மெதுவாக்கி, அவள் கை அதிராமல் ஓட்டினான்.

வில்லாரியில் பண்ணைக்காரரின் மனைவி இரண்டு மரத்துண்டு வைத்துக் கையைக் கட்டினாள். மறுநாள் காலையில் எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். அதுவரை கெரின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். லாக்கி உருளைக்கிழங்கு உரித்தான், ஆட்டிறைச்சியை வெட்டினான், மாவு பிசைந்து இடது கன்னம் வரை பூசிக்கொண்டான்.

கத்தரிப்பாளர்கள் தட்டோடு வந்தபோது முதல் ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "யாரு இது? கெரினுக்கு என்ன ஆச்சு?"

கெரின் தம்பியைப் பார்த்தாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சக்கரம் பொருந்தல" என்றான். "நான் வாஷர் வச்சு மாட்டிட்டு, அரத்தால தேச்சேன்னு அவகிட்டப் பொய் சொன்னேன். நடுவழியில கழண்டுடுச்சு."

யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் வயசான ஒரு கத்தரிப்பாளர் தட்டை நீட்டினார்.

"சரி. குழம்பையாவது ஒழுங்கா ஊத்து."

கெரினின் மணிக்கட்டில் விரிசல் இருந்தது. கட்டுப் பிரிக்கும்வரை லாக்கி விடுப்பு எடுத்து எல்லாக் கொட்டகைகளுக்கும் அவளுக்குக் கையாக வந்தான். இரண்டாவது வாரம்தான் அவள் அவனிடம் சமையல் தவிர வேறு பேச்சுப் பேசினாள். உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தவனிடம், வாசலில் நின்றபடி, "பதினெட்டு அங்குல ரிம்ம வார்விக் அளந்து பாத்துட்டானாம். காலிப்பருக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு உக்காருதாம்" என்றாள்.

"நானும் வந்து பாக்கட்டுமா?"

அவள் அவன் மாவுக் கையைப் பார்த்தாள்.

"பாரு. கைய மட்டும் பாக்கெட்ல வச்சிக்க."