தெப்பக்குளத்து ஆந்தை

விடியுமுன்பே மலையாண்டி அச்சகத்தில் தகடு தேய்த்துக்கொண்டிருந்தான். துத்தநாகத் தகட்டின்மேல் ஈரமணலும் கோலிக்குண்டுகளும் உருண்டு பழைய படத்தை அரித்தெடுத்தன. மணல் வாரிய விரல்நுனிகளில் தோல் இல்லை. தேய்த்த தகட்டைக் கிருபாகரனின் மேசையில் வைத்தான். வழக்கமான 'அண்ணே' அவன் வாயில் வரவில்லை.

சினிமா விளம்பரப் பலகை தீட்டி, மிஷன் பள்ளியில் ஓவியம் கற்பித்து, இறுதியில் குழந்தைப் புத்தகங்களுக்கு வந்தவர் கிருபாகரன். அவருடைய விலங்குகள் அவர் கண்ட மனிதரின் சாயலிலேயே பிறக்கும்.

கூலிக் குறைப்பை எதிர்க்கத் தொழிலாளர் போன ஞாயிறன்று வண்டியூர்த் தெப்பக்குளப் படியில் இரகசியமாகக் கூடினார்கள். அந்த வாரமே, தாள் மடிக்கும் இருளாயியை முதலாளி வாசலோடு நிறுத்திவிட்டார். காட்டிக்கொடுத்தது யார்? அன்று குளத்துச் சுவரில் அமர்ந்து கிருபாகரன் வரைந்துகொண்டிருந்ததைப் பலரும் பார்த்திருந்தார்கள்.

குழந்தைப் புத்தகத்துக்குக் கிருபாகரன் வரைந்திருந்த படத்தின் மாதிரித் தாளோடு முதலாளி வந்தார்.

"குளக்கரை மாநாடு பிரமாதம், ஓவியரே! ஊனக்காலை நீட்டிக்கிட்டு வெத்தலை மெல்லுற ஆடு இருளாயிதானே? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கே, இந்த ஆமை யாரு?"

தன் படமே இருளாயியைக் காட்டிக்கொடுத்தது கிருபாகரனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஆமை ஆமைதாங்க."

"புதுத் தகட்டுல அதுக்கு மூஞ்சி தெரியணும். இல்லாட்டி நீரும் வெளியதான்."

மை அலமாரிக்குப் பின்னே நின்ற மலையாண்டி தன் கூன்முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தன் முகத்தை அவர் வரைந்துவிடுவார் என்றே நினைத்தான்.

மறுநாள் காலை, புதுத் தகட்டின் முதல் தாள் எந்திரத்திலிருந்து விழுந்தது. ஆமை திரும்பவே இல்லை. அதன் பக்கத்தில் புதிதாக ஓர் ஆந்தை: கிருபாகரனைப் போலவே மூக்குக்கண்ணாடி, காதில் பென்சில்.

"இதுவும் மொதலாளி சொல்லித்தான் வரைஞ்சிருப்பாரு," என்றான் எந்திரம் ஓட்டும் விருமாண்டி.

"ஓவியரோட மூஞ்சியவா மொதலாளி வரையச் சொல்லுவாரு, மாப்ள?" என்றான் மலையாண்டி.

விருமாண்டி படத்தையே பார்த்தான். பிறகு எந்திரத்தை நிறுத்தினான். முதலாளியின் கூச்சல் முதுகில் அறைய, எல்லோரும் வாசலுக்கு நடந்தார்கள். கடைசியாகக் கிருபாகரன் வந்தார்.

வாசற்படியில் அமர்ந்திருந்த இருளாயி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஆடு எனக்கு அம்புட்டுப் பொருத்தம். இந்த ஆந்தைய எப்படி நம்புறது?"

அவள் காலை மடக்கி இடம்விட்டாள்.

"வெயிலு ஏறுது, உக்காருங்க சாரே. ஆனா இங்கன பென்சிலத் தொட்டீங்க, தெரியும் சேதி!"

கிருபாகரன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மலையாண்டியிடம் நீட்டினார். அவன் அதைத் தன் காதில் செருகிக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அண்ணே."